கை மோட்டார்

தலைவலி என்று மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு உச்சிவெயிலில் சைக்கிள் மிதித்து வந்த உடையப்பனுக்குத் தெரு திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற அவனுடைய கை மோட்டாரின் சத்தம். காரைக்குடி செக்காலையில் அந்த மாதிரிச் சத்தம் போடுகிற சாமான் வேறு யார் வீட்டிலும் கிடையாது, அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அவன் பிடித்து ஓட்டும்போது அது இப்படிச் சத்தம் போட்டதில்லை. உர்ரென்று ஆரம்பிக்கும், ஊசி தகட்டில் பட்டதும் தொண்டையில் மீன்முள் சிக்கியவன்போலத் திக்கும், நின்றே போகும், அப்புறம் திரும்ப உர்ரென்னும். இப்போது அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஊசி எப்போது தகட்டைத் தொடுகிறது, எப்போது விலகுகிறது என்று காதுக்குப் பிடிபடவே இல்லை.

சைக்கிளைச் சுவரில் மெதுவாகச் சாய்த்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவன் மனைவி முத்தழகு தரையில் உட்கார்ந்திருந்தாள். காய் நறுக்க அரிவாள்மனை முன்னால் உட்காருகிற அதே இருப்பு, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி. எவர்சில்வர் தட்டை முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவே அண்டை கொடுத்து நிறுத்தியிருந்தாள். முழங்கை தொடையில் ஊன்றியிருந்தது. தூள் ஏறாமலிருக்க முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மெஷினை அவள் பிடித்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதன் கனத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு விரலால் வழி மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள். ‘வள்ளிமயில்’ என்ற பெயரில் ‘ள்ளி’ வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்த ‘ளி’யின் மேல்விலங்கு எங்கேயும் உடையாமல் வளைந்து மேலே ஏறி முடிந்ததை உடையப்பன் கண்ணால் பார்த்தான்.

அவனுக்கு வந்தது கோபம் இல்லை, பொறாமை. கட்டின பெண்டாட்டியின் மேல் ஒரு மனுஷனுக்குப் பொறாமை வருமா என்று கேட்டால், வரும், வந்தது. பொய்யாகச் சொன்ன தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது.

அந்த மெஷின் மேல் அவனுக்கு இருந்த பாத்தியதை சாதாரணமானதல்ல. உடையப்பன் பஞ்சாலை ஸ்டோரில் கிளார்க். காலையில் ஃபிட்டர்கள் வரிசையாக வந்து டிரில், அரம், ஸ்பானர் என்று வாங்கிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார்கள். எந்த வேலைக்கு எந்த டிரில் பிட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் இத்தனை வருஷத்தில் இரும்பில் ஒரு துளை அவன் கையால் போட்டதில்லை. ஃபிட்டர் மாயக்கண்ணன் ஒரு பித்தளைத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் அதைப் பூட்டுச் சாவியாகச் செய்து கொண்டுவந்து காட்டுவான். எல்லோரும் அதைக் கைமாற்றிப் பார்ப்பார்கள். உடையப்பனும் பார்ப்பான், ‘நல்லாருக்கு’ என்பான், அன்றைக்கு மத்தியானச் சோறு அவனுக்கு இறங்காது. மாயக்கண்ணன் கையைப் பார்த்தாலே அவனுக்கு ஆகாது. நகமெல்லாம் கறுத்து, எண்ணெய் ஏறி, பார்க்க அவ்வளவு அசிங்கமான கை, அந்தக் கைக்குத்தான் எல்லாம் வருகிறது. தன்னுடைய சுத்தமான கைக்கு மட்டும் ஏன் ஒன்றும் வராது என்பது அவன் மனசுக்குள் நெடுநாளாகக் கிடந்த புண்.

அதனால்தான், பள்ளிக்கூடத்துச் சேக்காளி செம்மலை சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும்போது என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு, டிரான்சிஸ்டர் வேண்டாம், நைலக்ஸ் சேலை வேண்டாம், கையில் பிடித்து ஓட்டுகிற சின்ன மோட்டார் ஒன்று வேண்டும் என்று உடையப்பன் எழுதிப்போட்டான். நைலக்ஸ் சேலையை வேண்டாம் என்று எழுதியது முத்தழகுக்குப் பிற்பாடுதான் தெரியும். ஒரு நாள் பேசாமலிருந்தாள், அவ்வளவுதான். மோட்டார் வந்தது. டார்ச் லைட்டைவிடக் கொஞ்சம் பருமன். கூடவே ஒரு மரப்பெட்டி, அதற்குள் குழி குழியாக வெட்டி, மிளகு அளவுச் சாணைக்கல், காலணா அகல ரம்பம், மெருகேற்றுகிற கம்பளிச் சக்கரம், எழுத்து வெட்டுகிற ஊசிகள். சிங்கப்பூர்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு நம்மூர்ப் பிளக் மாட்டிய அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை என்று முத்தழகு சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் பாவமாக இருக்கும். தேங்காய்ச் சிரட்டையில் பூப்பூவாகத் துளைபோட்டு விளக்குக்கு மூடி செய்கிறேன் என்றான், சிரட்டை இரண்டாகப் பிளந்தது. ரேடியோப் பெட்டியின் முகப்பில் மயில் செதுக்கப் போனான், அதற்கு மேல் இன்றைக்கும் ஒரு துணி தொங்குகிறது. மானேஜர் பேனாவில் பெயர் வெட்டிக் கொடுத்தான், அவர் அதை அன்றோடு மேஜைக்குள் போட்டுவிட்டார். கேட்டால் எல்லாம் டிரையல் என்பான். வோல்டேஜ் சரியில்லை என்பான். வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பழைய பனியனில் சுற்றி, பீரோவில் பூட்டிவிடுவான்.

டிரையலோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நெற்குப்பையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவன் அக்கா சோலையம்மாளின் மகள் வள்ளிமயிலுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீருக்கு உடையப்பன் காரைக்குடிக் கடைவீதியில் பாத்திரம் எடுத்தான். தவலை, தூக்குவாளி, தாம்பாளம், சம்படம், தட்டு, டம்ளர் எல்லாம் எவர்சில்வரில். அந்த வட்டாரத்தில் சீர்ப் பாத்திரம் வந்து இறங்கினால் பெண்பிள்ளைகள் முதலில் செய்கிற காரியம் அதைத் தூக்கிப் பெயர் பார்ப்பதுதான். மேலே பெண்ணின் பெயர் இருக்க வேண்டும், அதற்குக் கீழே தாய்மாமன் இன்னார் என்று இருக்க வேண்டும். பெயரில்லாத பாத்திரம் யார் வீட்டுப் பாத்திரமாகவும் ஆகிவிடும். கடைக்காரர் பெயர் வெட்டித் தருகிறோம் என்றார். கடையில் அப்போது தெரிந்த முகங்கள் நாலைந்து நின்றன. “அதெல்லாம் வேணாம், நம்ம வீட்டுலயே மெஷின் இருக்கு” என்று உடையப்பன் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வந்தான். அக்காவுக்கும் தன் கையாலேயே வெட்டித் தருவதாகச் சொல்லியனுப்பினான்.

ஒரு டம்ளரில் ஆரம்பித்தான். ஊசி வழுக்கி, டம்ளரின் வயிற்றில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு கீறல். டம்ளரை எடுத்து ஒளித்து வைத்தான். பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியபடி உள்ளறையில் கிடந்தது. மாசி போய்ப் பங்குனியும் பிறந்துவிட்டது. இன்றைக்கு முத்தழகு சாக்கைப் பிரித்துவிட்டாள்.

அவன் உள்ளே வந்ததும் அவள் பதறவில்லை, ஒளிக்கவும் இல்லை. மூக்கிலிருந்து முந்தானையை இறக்கிவிட்டு, “வந்துட்டீகளா? முகமே சுண்டிக் கெடக்கே” என்றாள். சாவி பூசை மாடத்திலேயே இருந்தது, நாள் நெருங்குகிறது, நீங்கள் மில்லுக்கும் வீட்டுக்கும் அலைகிறீர்கள், பழைய மூடி ஒன்றில் போட்டுப் பார்த்தேன், வந்தது என்று வெள்ளந்தியாகச் சொன்னாள். தட்டை நீட்டினாள். “அழுத்தாமப் பிடிச்சா அது பாட்டுக்குப் போகுதுங்க.”

உடையப்பன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, அச்சுக் கோத்ததுபோல இருந்தது. குறை ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். “பரவால்ல. ‘வ’ கொஞ்சம் சாஞ்சிருச்சு” என்றான். சாயவில்லை, அது அவனுக்கும் தெரியும். அவள் தட்டை வாங்கி, ‘வ’வை உற்றுப் பார்த்து, இனிமேல் நேராகப் போடுகிறேன் என்றாள். அவன் சொன்னதை அவள் நம்பியது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல முடியாது, சீர் முடிய வேண்டும். ஆகவே அவளைத் தனக்கு ஒரு கையாளாக வைத்துக்கொண்டதாக அவன் மனசுக்குள் ஏற்பாடு செய்துகொண்டான். சாயங்காலங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஊசியை மாற்று, இந்தக் கல்லைப் போடு என்று சொல்லுவான். அவளும் மாற்றுவாள். பத்து நிமிஷம் போனதும் அவளே பழையபடி மாற்றிக்கொள்வாள், அதுதான் சரியாக இருக்கும். இந்தக் கூத்தும் சில நாள்தான் ஓடியது, ஏனென்றால் அடுத்த தெருப் பெரிய வீட்டு நாகம்மை ஆச்சி ஒரு நாள் மோர் கேட்டு வந்தவள் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டாள்.

செட்டியார் வீடுகளில் கரண்டி முதல் கங்காளம் வரைக்கும் குடும்பத்து விலாசம் வெட்டாமல் ஒரு சாமான் இருக்காது. முப்பாட்டன் காலத்திலிருந்து முதலெழுத்துகளாகக் கோத்து வருகிற அந்த விலாசத்தைத் தடவிப் பார்த்தே யார் வீட்டுச் சாமான், எந்தக் கல்யாணத்துச் சாமான் என்று சொல்லுகிறவள் ஆச்சி. அவள் தட்டை எடுத்து விரலால் தடவினாள், வீட்டுக்குப் போனாள், ஒரு கூடை பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு மத்தியானத்தில் யாராவது ஒருத்தி ஒரு செம்போ சம்படமோ எடுத்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. கூலி என்று முத்தழகு ஒன்றும் வாங்கவில்லை. பதிலுக்கு ஒருத்தி மாவடு கொண்டுவந்தாள், ஒருத்தி சீப்புச்சீடை கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் உடையப்பன் தின்றான், ருசியாகத்தான் இருந்தது, அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அவன் வீட்டுக்குள் நுழையும்போது ஆச்சி புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். “ஏன் உடையப்பா, இம்புட்டு நாளா இந்த மெஷினப் பீரோவுக்குள்ள பூட்டியா வச்சிருந்தீக?” என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. அவனுக்கு நறுக்கென்று பட்டது. மெஷினை மட்டுமல்ல, முத்தழகையும் சேர்த்து அவன் பூட்டி வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

மில்லிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மெஷினைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு அப்போதுதான் வந்தது. சூடாக இருக்கும். தன் கை படாத சூடு. பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன் தலையணையை மோந்து பார்ப்பான் என்பார்கள், இவன் மெஷினைத் தடவிப் பார்த்தான். எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போடுவான். யார் வந்தார்கள் என்று கேட்கமாட்டான், கேட்டால் அவள் சந்தோஷமாகச் சொல்லிவிடுவாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மினுக்கம் வரும். கல்யாணமான புதிதில்கூட அவன் அந்த மினுக்கத்தைப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொப்புடையம்மன் கோவிலுக்குப் போயிருந்தபோது கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்த மாதிரியே தரையில் உட்கார்ந்தான். காலை மடக்கினான், நீட்டினான், முழங்கையைத் தொடையில் ஊன்றினான். பழைய மூடி ஒன்றில் அழுத்தாமல் ஊசியை வைத்தான். அழுத்தக் கூடாது, அழுத்தக் கூடாது என்று நினைக்க நினைக்க விரல் கல்லாக இறுகியது. ஊசி துள்ளி ஓடியது. இன்னொரு தடவை. அதுவும் அப்படியே. அவளுக்கு ஒரு மத்தியானத்தில் வந்தது தனக்கு வருஷக்கணக்கில் வரவில்லை என்பதை இனி வோல்டேஜ் மேல் போட முடியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூள் பட்டிருக்கும் என்று துடைத்துக்கொண்டான்.

அப்படியே உட்கார்ந்தபடி, முடிந்து அடுக்கியிருந்த சீர்ப் பாத்திரங்களைப் பார்த்தவனுக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு தாம்பாளத்தை எடுத்தான். மேலே ‘வள்ளிமயில்’. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் ‘தாய்மாமன்’. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் தகடு பளபளத்தது. அடுத்ததை எடுத்தான், அதிலும் அப்படித்தான். தவலை, வாளி, டம்ளர் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தான். அவன் பெயர் ஒன்றில்கூட இல்லை.

மறந்திருப்பாள் என்று நினைக்கலாம், ஒன்றில் என்றால் மறக்கலாம், எல்லாவற்றிலுமா? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள். வேலை செய்தது நான், பெயர் மட்டும் உனக்கா என்று நினைத்திருப்பாள். தன் பெயரைப் போட்டுக்கொள்ள இடம் விட்டிருப்பாளோ? ஆச்சி தூண்டிவிட்டிருப்பாளோ? பொறாமை பிடித்தவன் மூளைக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு யாருக்கும் வராது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால், என் பெயரை வெட்டிக் கொடு என்று அவளிடம் கையேந்துகிற மாதிரி ஆகும்.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகுமூடி உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே பென்சில் நுனி அளவுக்குக் கரித்துண்டு ஒன்று இருக்கும், கார்பன் என்பார்கள். அது இல்லையென்றால் மோட்டாருக்கு உயிர் கிடையாது. ஸ்டோரில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. உடையப்பன் கார்பனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திரும்ப முடுக்கிவிட்டான். முத்தழகு விபூதியோடு வந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை அவன் வந்தபோது அவள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள். “ஓட மாட்டேங்குதுங்க. என்னாலயா கெட்டுப்போச்சு?” என்று கேட்டாள்.

உடையப்பன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொம்ப நேரம் ஓட்டினால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, காயில், எரிந்துபோகும், சிங்கப்பூரிலிருந்து வந்தால்தான் உண்டு என்று மட்டும் சொன்னான். அவள் அப்படியே தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு ஆச்சி வீட்டுப் பாத்திரம் வெட்டாமலே திரும்பிப் போனது. மத்தியானங்களில் யாரும் வரவில்லை. முத்தழகு வெந்தது பாதி வேகாதது பாதியாகச் சமைத்தாள். தன்னால் ஒரு விலைபெற்ற சாமான் போய்விட்டதே என்று மருகினாள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாகவே இருந்தது. வீடு பழையபடி தன் வீடாக ஆனதாக நினைத்தான்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரமே தீர்ந்தது. சித்திரை பிறந்துவிட்டது, தன் பெயரைத் தானே எப்படியாவது கிறுக்கிவிடலாம், கார்பனைப் போடுவோம் என்று சட்டைப் பையில் கையை விட்டால் கார்பன் இல்லை. எல்லாச் சட்டையையும் உதறினான். மில்லில் மேஜை டிராயரைக் கவிழ்த்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு, வந்த வழியெல்லாம் தரையைப் பார்த்தபடி நடந்தான். எதிரே வந்தவர்கள் என்ன தொலைந்தது என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றான். ஸ்டோரில் இருந்த கார்பன் எல்லாம் கட்டைவிரல் பருமன், அதை அரத்தால் ராவப் போனபோது கையோடு பொடிந்தது. தான் செய்த வினையில் தானே போய் உட்கார்ந்துகொண்டவனை யாரிடம் கூட்டிப்போய்க் காட்டுவது?

அக்கா சோலையம்மாள் சீரைப் பார்க்க வந்தாள். நெற்குப்பையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள் மோர்கூடக் குடிக்காமல் உள்ளறைக்குப் போனாள். முத்தழகு பாயை விரித்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். அக்கா ஒரு தாம்பாளத்தை எடுத்து மடியில் வைத்து எழுத்தைத் தடவினாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து உடையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “தம்பி, ஒங் கையா இது?” என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் முத்தழகு, அவுகதான் மதினி பழக்கிவிட்டாக என்றாள். அந்தப் பொய் அவனுக்கு அறைந்த மாதிரி இருந்தது. தர்மம் போடுகிறாள் எனக்கு என்று நினைத்தான்.

அக்கா தாம்பாளத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள். “தாய்மாமன்னு போட்டுருக்கு. ஒம் பேரு எங்கடா?” என்றாள்.

“அவளக் கேளு” என்றான் உடையப்பன். இத்தனை நாள் உள்ளே ஊறிக் கிடந்தது எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் வெளியே வந்தது. அக்காவே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

முத்தழகுக்கு அந்தக் குரல் புரிந்ததா இல்லையா தெரியாது. அவள் வெட்கப்பட்டாள். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, “அத நான் எப்படி மதினி போடுவேன்? வாயால சொல்லமாட்டேன், கையால மட்டும் சொல்லலாமா?” என்றாள். “அதான் எடம் விட்டு வச்சிருக்கேன். அவுகளே போட்டாத்தான் அது மாமன் சீரு.”

அக்காவுக்கு அது உலகத்திலேயே இயல்பான விஷயமாகப் பட்டது, அதானே என்றாள். உடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டுப் பட்டியல் எழுத வந்தவர் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தவள் இவள். பஸ் ஸ்டாண்டில் அவனைத் தவறவிட்ட அன்றைக்குக்கூட ‘எங்க வீட்டுல அவுக’ என்றே அழுதவள். இது தெருவுக்கே தெரியும். இருந்தும் அந்த வெறும் தகட்டைப் பார்த்தபோது அவனுக்கு இந்த நினைப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனசு முழுக்க வேறொன்று நிறைந்திருந்தால் எப்படி வரும்?

“அப்ப போடேன், நான் இருந்து பாத்துட்டுப் போறேன். பஸ்ஸு மூணு மணிக்குத்தான்” என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு.

மெஷின் ஓடாது என்றான் உடையப்பன். காயில் என்றான், சிங்கப்பூர் என்றான். அக்காவின் முகம் மாறியது. கல்யாணத்தில் தாய்மாமன் பெயரில்லாத சீரை இறக்கினால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

முத்தழகு எழுந்து போனாள். ஊசி நூல் போட்டுவைக்கிற பவுடர் டப்பாவோடு வந்தாள். அதைத் திறந்து ஒரு சின்ன கறுப்புத் துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். “தொவைக்க எடுக்கையில ஒங்க சட்டைப் பையில கெடந்துச்சு. பையெல்லாம் ஒரே கரி. எதோட துண்டோ, வேணும்னா கேப்பீகன்னு எடுத்து வச்சேன்” என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. எப்போதும்போல இருந்தது. தெரிந்து கொடுக்கிறாளா, தெரியாமல் கொடுக்கிறாளா? என்னாலயா கெட்டுப்போச்சு என்று கேட்டு நின்றவள் எந்த நாளில் அந்தச் சட்டையைத் துவைத்தாள்? கேட்க முடியாத கேள்வி. கேட்டால் பதில் வந்துவிடும். அவன் உட்கார்ந்து திருகுமூடியைக் கழற்றினான். கார்பனை உள்ளே வைத்து முடுக்கிச் சுவிட்சைப் போட்டான். மோட்டார் பிழைத்துக்கொண்டது. அட, அம்புட்டுத்தானா என்றாள் அக்கா. முத்தழகு பவுடர் டப்பாவை மூடினாள்.

தாம்பாளத்தை மடியில் நிறுத்தினான். ‘உ’ ஒருவிதமாக வந்தது. ‘டை’யில் ஊசி திக்கி நின்றது, அழுத்தினான், சறுக்கியது. ‘யப்’ மேலே ஏறியது. ‘பன்’ கீழே விழுந்தது. மேலே அவளுடைய ‘வள்ளிமயில்’ அப்படி நின்றுகொண்டிருக்க, அதற்குக் கீழே அவன் பெயர் கோழி கிளறியதுபோலக் கிடந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்காமல் இருக்க முடியாது. ஊர் பார்க்கும். சம்பந்தி வீட்டுப் பெண்கள் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடையப்பன் மெஷினை நிறுத்தினான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. இத்தனை நாள் எதைச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானோ அதைச் சொன்னான். “எனக்கு வரல முத்தழகு. மிச்சத்த நீயே வெட்டிரு. யாரு வெட்டுனதுன்னு கேட்டா ஒம் பேரையே சொல்றேன்.”

அவள் திடுக்கிட்டுப்போனாள். “புருசன் பேருல இரும்ப வைக்கச் சொல்றீகளா? மாட்டேங்க” என்றாள். கோபமில்லை. ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

தாம்பாளத்தை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதன் மேல் படிந்திருந்த தூளை முந்தானையால் துடைத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி, அவன் வெட்டிய எழுத்தின் மேல் விரலை வைத்து, ‘உ’விலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். விரல் போகப் போக அவள் உதடும் கூடவே அசைந்தது. சத்தம் வரவில்லை. ‘ன்’னுக்கு வந்ததும் உதட்டை மடித்துக்கொண்டாள்.

தாம்பாளத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பாயிலிருந்து அடுத்த தட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள், அவன் வெட்ட ஆரம்பிக்கும்வரை அது நகராமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.